கோலுக்கு ஒரு வடை

இடம்: பாம்பன், தெற்குவாடியில் படகுகள் ஒதுங்கும் பக்கம் ஒரு டீக்கடை.

காலம்: 2024 ஜனவரி முதல் வாரம். வாடைக்காற்று பலமாக வீசுவதால் கடலுக்குப் போகாத ஆட்கள் பெஞ்சு முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு டீ வாங்கி அதை மதியம் வரை குடிப்பார்கள்.

பேசுகிறவர்கள்: கடைக்காரர் செல்லம்மா அக்கா; ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் பிரிட்டோ. பிரிட்டோவுக்குக் கால்பந்து என்றால் உயிர். அக்காவுக்கு வடை வியாபாரம்.

பிரிட்டோ: அக்கா, ஒரு டீ, சர்க்கரை தூக்கலாக. இன்றைக்கு ஒரு நல்ல காரியம் பேச வந்திருக்கிறேன்.

செல்லம்மா: பழைய பாக்கி நூற்று நாற்பதா?

பிரிட்டோ: அதைவிட நல்ல காரியம். 2023 ஆசியக் கோப்பை வருகிற 12-ம் தேதி தொடங்குகிறது. இந்தியா ஆடுகிறது.

செல்லம்மா: இது 2024 இல்லையா?

பிரிட்டோ: சீனாவில் நடக்க வேண்டியது அக்கா. கொரோனாவால் அவர்கள் கைவிட்டார்கள், கத்தார் வாங்கிக்கொண்டது. அங்கே வெயில் கொளுத்தும் என்று ஜனவரிக்குத் தள்ளிவிட்டார்கள்.

செல்லம்மா: சரிதான். உன் பாக்கியும் போன வருஷத்துதான், இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

பிரிட்டோ: விஷயத்துக்கு வருகிறேன். நம் கடை டிவியில் மூன்று மேட்சையும் போட வேண்டும்.

செல்லம்மா: டிவி கேட்கும்போது நம் கடை. பாக்கி கேட்டால் மட்டும் என் கடை.

பிரிட்டோ: 13-ம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு ஆஸ்திரேலியா. 18-ம் தேதி ராத்திரி 8 மணிக்கு உஸ்பெகிஸ்தான். 23-ம் தேதி 5 மணிக்கு சிரியா.

செல்லம்மா: ராத்திரி எட்டு மணி ஆகாது. சீரியலில் மருமகளுக்கு விஷம் வைக்கப் போகிறார்கள்.

பிரிட்டோ: மூன்று வாரமாக வைக்கப் போகிறார்கள்! 18-ம் தேதியும் அந்தப் பால் தம்ளர் மாமியார் கையில்தான் இருக்கும். அக்கா, வியாபாரத்தை யோசியுங்கள். வாசலில் ஒரு போர்டு: 'இந்தியா போடும் ஒவ்வொரு கோலுக்கும் கடையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு வடை இலவசம்.' தங்கச்சிமடத்திலிருந்து கூட்டம் வரும்.

(ஜல்லிக்கரண்டி அந்தரத்தில் நின்றது. இலவசம் என்ற சொல்லைக் கேட்டு பெஞ்சில் ஐந்தாறு பேர் திரும்பினார்கள். அக்கா கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.)

செல்லம்மா: நாற்பது பேர் வந்தால் கோலுக்கு நாற்பது வடை. உளுந்து விற்கிற விலையில் சும்மா தலையாட்ட முடியாது. யார் யார் போகிறார்கள், யார் கோல் போடுகிற ஆசாமி, ஒவ்வொருவராகச் சொல்.

பிரிட்டோ: மொத்தம் 26 பேர். முதலில் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து. ஆறரை அடி உயரம். போன வருஷம் பெங்களூரில் தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டம், பெனால்டி வரைக்கும் போனது. குவைத்தின் கடைசி உதையைப் பாய்ந்து தடுத்துக் கோப்பையை வாங்கித் தந்தவர்.

செல்லம்மா: கோல் போடுவாரா?

பிரிட்டோ: தடுக்கிறதுதான் அவர் வேலை.

செல்லம்மா: நல்ல பிள்ளை. செலவு வைக்காத பிள்ளை. அடுத்தது?

பிரிட்டோ: அம்ரிந்தர் சிங், விஷால் கைத். அவர்களும் கீப்பர்கள்தான்.

செல்லம்மா: இன்னும் இரண்டு கீப்பர் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

பிரிட்டோ: அப்புறம் டிஃபென்ஸில் எட்டு பேர். ராகுல் பேகே, சுபாசிஷ் போஸ், ஆகாஷ் மிஸ்ரா, பிரீதம் கோட்டல்...

செல்லம்மா: இவர்களும் தடுக்கிறவர்கள்தானே?

பிரிட்டோ: ஆமா.

செல்லம்மா: பேரெல்லாம் வேண்டாம். மொத்தமாக எட்டு சைபர் போட்டுவிடுகிறேன்.

பிரிட்டோ: ஒரு நிமிஷம். சந்தேஷ் ஜிங்கன் இருக்கிறார். தாடிக்காரர். கார்னர் கிடைத்தால் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓடிவந்து தலையால் முட்டிக் கோல் போட்டுவிடுவார்.

செல்லம்மா: அவர் ஏன் அங்கே போகிறார்? கொடுத்த வேலையைப் பார்க்கக் கூடாதா?

பிரிட்டோ: கோல் வந்தால் நல்லதுதானே?

செல்லம்மா: உனக்கு நல்லது. அரை வடை என்று எழுதிக்கொள்கிறேன்.

பிரிட்டோ: ஆனால் டிஃபென்ஸில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அன்வர் அலிக்குக் காயம், வரவில்லை. நடுவில் ஜீக்சன் சிங்குக்கும் காயம். 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்ததே, டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராகத் தலையால் முட்டிக் கோல் போட்டார். ஃபிஃபா உலகக் கோப்பை என்று பேர் வைத்த போட்டியில் இந்தியா போட்ட முதல் கோல் அதுதான். ஆஷிக் குருணியனும் இல்லை. சஹல் அப்துல் சமது காயத்தோடுதான் விமானம் ஏறியிருக்கிறார்.

செல்லம்மா: பாவம். (எழுதிக்கொண்டே) ஜீக்சன் இல்லை, நாற்பது மிச்சம்.

பிரிட்டோ: நடுவில் ஒன்பது பேர். அனிருத் தாபா, அபுயா, சுரேஷ் சிங், கோவாவிலிருந்து பிராண்டன் பெர்னாண்டஸ், லிஸ்டன் கொலாசோ. லிஸ்டன் எவ்வளவு தூரத்திலிருந்தாலும் கூசாமல் உதைப்பார்.

செல்லம்மா: பந்து எங்கே போகும்?

பிரிட்டோ: கிளப்புக்கு ஆடும்போது வலைக்குள்ளே போகும்.

செல்லம்மா: இந்தியாவுக்கு ஆடும்போது?

பிரிட்டோ: டீ ஆறிவிட்டது அக்கா, கொஞ்சம் சூடு பண்ணுங்கள்.

(லிஸ்டன் பேருக்கு நேரே இன்னொரு சைபர் விழுந்தது.)

பிரிட்டோ: இதைக் கவனித்தீர்களா? 26 பேரில் எட்டு பேர் சிங். ஐந்து பேர் பஞ்சாப் பக்கம், மூன்று பேர் மணிப்பூர். அது தவிர மிசோரத்திலிருந்து லால்சுங்நுங்கா, அபுயா, சாங்தே என்று மூன்று பேர். குட்டி மாநிலம், பாருங்கள்.

செல்லம்மா: நானும் கடைசி வரைக்கும் காத்திருக்கிறேன், தமிழ்நாடு வரவே இல்லையே?

பிரிட்டோ: (குரல் இறங்கி) இல்லை அக்கா. சென்னைக்காரர் நந்தகுமார் சேகர் போன வருஷம்தான் இந்தியாவுக்கு ஆட ஆரம்பித்தார். இந்தப் பட்டியலில் பேர் இல்லை. ஒரு காலத்தில் தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜ் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகக் கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல் அதுதான். அதற்குப் பிறகு நாம் அங்கே போகவே இல்லை.

செல்லம்மா: நம் ஆள் போட்டிருந்தால் வடையோடு சட்னியும் கொடுத்திருப்பேன். சரி, கோல் போடுகிறவர்களுக்கு வா. எனக்கு அங்கேதான் பயம்.

பிரிட்டோ: ஆறு பேர். சாங்தே ஓடினால் பிடிக்க முடியாது. அந்த தெற்காசியக் கோப்பை இறுதியில் நம் கோலைப் போட்டவர் அவர்தான். மன்வீர் சிங், போன நவம்பரில் குவைத்துக்கே போய்க் குவைத்தை 1-0 என்று அடித்த கோல் அவருடையது. இஷான் பண்டிதா, ராகுல் கே.பி., விக்ரம் பிரதாப் சிங். அப்புறம்... (எழுந்து நின்று) கேப்டன் சுனில் சேத்ரி!

செல்லம்மா: எதற்கு எழுந்திருக்கிறாய்? உட்கார், டீ கொட்டிவிடும். அவர் எத்தனை?

பிரிட்டோ: தொண்ணூற்று மூன்று கோல்!

(அக்கா வடைச் சட்டிக்குக் கீழே அடுப்பை அணைத்தார்.)

செல்லம்மா: தொண்ணூற்று மூன்றா? நாற்பதால் பெருக்கினால் கடையை எழுதிக் கொடுத்துவிட்டு நான் தனுஷ்கோடியில் சங்கு விற்கப் போக வேண்டியதுதான்.

பிரிட்டோ: ஒரே போட்டியில் இல்லை அக்கா! 2005-லிருந்து இதுவரைக்கும். இப்போது ஆடிக்கொண்டிருப்பவர்களில் ரொனால்டோ, மெஸ்ஸி, அதற்கடுத்து நம் சேத்ரி.

செல்லம்மா: 2005-லிருந்தா? என்ன வயசு?

பிரிட்டோ: முப்பத்தொன்பது.

செல்லம்மா: என் வீட்டுக்காரர் முப்பத்தொன்பது வயசில் கேஸ் சிலிண்டரை உருட்டச் சொன்னதற்கு இரண்டு நாள் படுத்திருந்தார். (அடுப்பு மறுபடி எரிந்தது.) சரி, மற்ற இருபத்தைந்து பேரும் சேர்ந்து எத்தனை போட்டிருப்பார்கள்?

பிரிட்டோ: எல்லோரையும் கூட்டினாலும் சேத்ரி கணக்கில் பாதி வராது.

செல்லம்மா: பாதிகூட வராது.

பிரிட்டோ: வராது.

செல்லம்மா: இன்னொரு டீ குடிக்கிறாயா? காசு வேண்டாம்.

(இந்தக் கடையில் இது நடந்து நான் பார்த்ததில்லை. பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் வானத்தைப் பார்த்தார், புயல் கூண்டு ஏற்றும் அளவுக்கு ஏதாவது வருகிறதா என்று.)

செல்லம்மா: இதற்கு முன்னால் இந்தக் கோப்பையில் ஆடியிருக்கிறோமா?

பிரிட்டோ: ஆடாமலா! 1964-ல் இரண்டாம் இடம்.

செல்லம்மா: எத்தனை நாடு?

பிரிட்டோ: நாலு. அதை விடுங்கள். 2019-ல் முதல் மேட்ச்சிலேயே தாய்லாந்தை 4-1 என்று நொறுக்கினோம்.

செல்லம்மா: நாலா? நூற்றறுபது வடை!

பிரிட்டோ: அடுத்த இரண்டு மேட்சிலும் நாம் ஒன்றும் போடவில்லை. பஹ்ரைனிடம் கடைசி நேரத்தில் ஒரு பெனால்டி வாங்கி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

செல்லம்மா: ம். அதற்கு முன்னால்?

பிரிட்டோ: 2011-ல் ஆஸ்திரேலியாவிடம் 0-4. 1984-ல் நாலு மேட்ச், ஒரு கோல்கூட இல்லை. அந்த வருஷம்தான் சேத்ரியே பிறந்தார்.

செல்லம்மா: எண்பத்து நாலு நல்ல டீம். அந்தக் கோச்சு இப்போது இல்லையா?

பிரிட்டோ: இப்போது இகோர் ஸ்டிமாச். குரோஷியாக்காரர். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் வந்த அணியில் ஆடியவர். ரோஷக்காரர். போன வருஷம் பாகிஸ்தான் ஆட்டக்காரர் த்ரோ போட வரும்போது, இவர் ஓரத்தில் நின்றுகொண்டு பந்தைத் தட்டிவிட்டுச் சிவப்பு அட்டை வாங்கினார். தண்டனை முடிந்து வந்ததும் குவைத் மேட்சில் இன்னொரு சிவப்பு.

செல்லம்மா: கோச்சுக்கே சிவப்பு அட்டையா?

பிரிட்டோ: அதுகூடப் பரவாயில்லை. 2022-ல் ஆப்கானிஸ்தான் மேட்சுக்கு முன்னால் யார் யாரை இறக்கலாம் என்று ஜோசியரிடம் கேட்டார் என்று பேப்பரில் செய்தி வந்து நாடே சிரித்தது.

செல்லம்மா: இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்த மேட்ச் என்ன ஆச்சு?

பிரிட்டோ: 2-1. ஜெயித்தோம்.

செல்லம்மா: அப்போ ஜோசியர் பேரில் குற்றம் இல்லை. இப்போதும் பார், முதல் மேட்சே சனிக்கிழமை என்கிறாய். தேவிபட்டினம் போய்க் கடலுக்குள் இருக்கிற நவக்கிரகத்தை ஒன்பது சுற்று சுற்றாமல் ஒரு மனுஷன் சனிக்கிழமை ஆஸ்திரேலியாவோடு மோதுவானா?

பிரிட்டோ: என் அம்மா ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறது. போதும். ஆஸ்திரேலியா ஒன்றும் கொம்பன் இல்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவர்கள் ஊரிலேயே 4-2 என்று அடித்தோம். நெவில் டிசூசா மூன்று கோல்!

செல்லம்மா: அந்த விலைக்கு வடை கேட்காதவரைக்கும் சரி. இப்போது அவர்கள் எத்தனையாவது இடம்?

பிரிட்டோ: உலகத்தில் 25.

செல்லம்மா: நாம்?

பிரிட்டோ: 102. உஸ்பெகிஸ்தான் 68. ஆனால் சிரியா 91தான் அக்கா! பக்கத்து வீடு. 2007-லும் 2009-லும் நேரு கோப்பை இறுதியில் இதே சிரியாவை அடித்திருக்கிறோம். மூன்றாம் இடம் வந்தாலும் நல்ல கணக்கு இருந்தால் அடுத்த சுற்று. அதனால் என் கணக்கு இது: ஆஸ்திரேலியாவோடு ஒரு கோல், உஸ்பெகிஸ்தானோடு ஒன்று, சிரியாவுக்கு எதிராக மூன்று. ஆக மொத்தம் ஐந்து வடை.

(அக்கா நோட்டைத் திருப்பிப் பார்த்தார். ஜிங்கனுக்கு அரை, சாங்தேவுக்குக் கால், மன்வீருக்குக் கால், சேத்ரிக்கு வயசைக் கழித்து ஒன்று. எல்லாம் சேர்த்து அடியில் இரண்டு என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு, சின்னதாக ஏதோ போட்டார். என்ன போட்டார் என்று எனக்குத் தெரியவில்லை, பெஞ்சிலிருந்து எட்டவில்லை.)

செல்லம்மா: சரி, போர்டு எழுது.

பிரிட்டோ: நிஜமாகவா? சீரியல்?

செல்லம்மா: விஷம்தானே, மறுநாள் வைக்கட்டும். ஆனால் போர்டில் நீ சொன்னதற்குக் கீழே இன்னொரு வரி எழுத வேண்டும்.

பிரிட்டோ: சொல்லுங்கள்.

செல்லம்மா: 'எதிர் அணி போடும் ஒவ்வொரு கோலுக்கும் கடையில் இருக்கிற எல்லோரும் ஆளுக்கு ஒரு வடை காசு கொடுத்து வாங்க வேண்டும்.'

(பெஞ்சில் முணுமுணுப்பு. இரண்டு பேர் வலை வேலை இருப்பது ஞாபகம் வந்து எழுந்தார்கள். பிரிட்டோ அவர்களைக் கையமர்த்தி உட்கார வைத்தான்.)

பிரிட்டோ: என்னய்யா பயம்? ஆறரை அடி ஆள் அங்கே நிற்கிறார். முன்னால் ஜிங்கன் நிற்கிறார். எவன் கோல் போடுகிறான் பார்ப்போம்! அக்கா, சாக்பீஸ் கொடுங்கள், நானே எழுதுகிறேன்.

செல்லம்மா: உன் பேரையும் அடியில் எழுது. நாளைக்கு எவனாவது தகராறு பண்ணினால் உன் கணக்கில் ஏற்றிவிடுவேன்.

பிரிட்டோ: எழுதிவிட்டேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

செல்லம்மா: (உள்ளே பார்த்து) டேய் மாரி! மளிகைக் கடைக்கு ஓடு. பன்னிரண்டாம் தேதிக்குள் உளுந்து பத்து கிலோ, எண்ணெய் ஒரு டின் அதிகமாக அனுப்பச் சொல்!

பிரிட்டோ: (பெஞ்சைப் பார்த்து, கண் கலங்க) பார்த்தீர்களா? அக்காவுக்கே நம்பிக்கை வந்துவிட்டது!