ஸ்ட்ராஸ்பர்க் வேறு, பிரஸ்ஸல்ஸ் வேறு

"பிரெக்சிட் முடிந்த பிறகும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ருவாண்டா விமானத்தைத் தடுத்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. 2022 ஜூன் 14 இரவு, பிரிட்டனில் புகலிடம் கோரியவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பவிருந்த விமானம் இங்கிலாந்தின் பாஸ்கோம்ப் டவுன் ஓடுதளத்தில் புறப்படத் தயாராக நின்றபோது இடைக்கால உத்தரவு போட்டது ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். 46 நாடுகள் சேர்ந்த ஐரோப்பா கவுன்சிலின் நீதிமன்றம் அது. பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றியத்தின் நீதிமன்றம் இருப்பது லக்சம்பர்க்கில்.

அப்புறம், ஸ்ட்ராஸ்பர்க்கை யாரும் பிரிட்டன் தலையில் கட்டவில்லை. அந்தக் கவுன்சிலை உருவாக்கிய ஒப்பந்தம் 1949-இல் கையெழுத்தானதே லண்டனில்தான். ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்துக்கு அடிப்படையான ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை 1951-இல் முதலில் உறுதிசெய்த நாடும் பிரிட்டன்தான். ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பில் பிரிட்டன் சேர்ந்தது 1973-இல். உடன்படிக்கையிலிருந்து விலக வேண்டும் என்றால் தாராளமாக வாதிடுங்கள். ஆனால் ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று கேட்ட 2016 பிரெக்சிட் வாக்குச்சீட்டில் அந்தக் கேள்வியே இல்லை.