“சோகமா ஆடுங்க” என்று சொல்லாதீர்கள்

கோலாலம்பூரில் சமகால நடனம் அமைக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒத்திகையில் “இன்னும் ஃபீல் பண்ணுங்க”, “சோகமா ஆடுங்க” என்று சொல்வதை விட்டுவிடுங்கள். அது காதில் விழுந்ததும் ஆடுகிறவர் புருவத்தைச் சுருக்குவார், உதட்டைக் கடிப்பார், நெஞ்சில் கை வைப்பார். கழுத்துக்குக் கீழே எதுவும் மாறியிருக்காது. மூச்சு அதே மூச்சு, கால் அதே கால். செந்தூலில் உள்ள கேஎல்பேக் (klpac) கலை மையத்தின் பெரிய அரங்கில் ஏறக்குறைய 500 பேர் உட்காரலாம். பின்வரிசைக்கு முகம் தெரியாது, உடம்புதான் தெரியும். உடம்பு சும்மா இருக்க, முகம் மட்டும் அழுதால் பார்ப்பவர் மனம் விலகிப் போய்விடும்.

தொல்காப்பியர் இதற்கு வைத்த பெயரே மெய்ப்பாடு. உள்ளத்தில் எழுந்தது மெய்யில் படுவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. இந்தப் பட்டியல் பலருக்கும் தெரியும். நடனம் அமைக்கிறவருக்கு அதைவிடப் பயன்படுவது, தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் பிரித்துக் காட்டுகிற நான்கு காரணங்கள். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் வரும் அழுகை, இழந்ததால் வரும் அழுகை, முன்பிருந்த நிலை கெட்டதால் வரும் அழுகை, இல்லாமையால் வரும் அழுகை. இவை உடம்பில் நான்கு விதமாக இறங்கும். இகழப்பட்டவர் தோள் முன்னே மடங்கும், நடை சுவரோரம் ஒதுங்கும். இழந்தவரின் கை எதையோ பிடிக்கப் போய் பாதியில் நின்றுவிடும். நிலை கெட்டவர் பழைய பழக்கத்தையே புது இடத்தில் செய்துகொண்டிருப்பார். இல்லாதவர் அசைவிலும் சிக்கனம் பிடிப்பார், தேவைக்கு மேல் ஒரு விரலைக்கூடத் தூக்கமாட்டார். “சோகம்” என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனால் இந்த நான்கையும் கலக்கி ஒரு பொதுவான வாட்டத்தைத்தான் மேடையில் வைக்க முடியும்.

நம் மேடைகளில் அடிக்கடி வரும் ஒரு கருவையே எடுத்துக்கொள்வோம். ரப்பர் தோட்டம் கைமாறி, தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்து, அடுக்குமாடி வீட்டுக்கு வந்த குடும்பம். வழக்கமாக என்ன நடக்கிறது? உருக்கமான பாட்டு, தலையில் மூட்டை, மண்ணை அள்ளி அழும் அம்மா, கடைசியில் எல்லாரும் கை முஷ்டியை உயர்த்தி நிற்பது. என் பார்வையில் இந்தக் கரு தொல்காப்பியரின் மூன்றாவது காரணம், அசைவு. நிலை கெடுவது. இன்றைய தமிழில் அந்தச் சொல்லுக்கு நகர்வு என்று பொருள் வந்திருப்பது நடனக்காரருக்குக் கிடைத்த கொடை. அப்படியானால் மேடையில் அழுகை தேவையில்லை. மரம் இல்லாத இடத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருக்கும் ஓர் உடம்பு போதும்.

ஐந்து பேர், பன்னிரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பாட்டும் வேண்டாம், கதையும் வேண்டாம், வினைச்சொற்களைச் சேருங்கள். பால் வெட்டுவதில் என்னென்ன இருக்கிறது? மரத்தை நெருங்குவது, பழைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்து எடுப்பது, கத்தியை இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரித்து இழுப்பது, கோப்பையைத் துடைத்து வைப்பது, அடுத்த மரத்துக்கு நடப்பது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பால் வெட்டிய பாட்டிகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஆடுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்து காட்டச் சொல்லுங்கள். கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். வெட்டும்போது பாட்டி மரத்தைச் சுற்றிச் சிறு அடிகளாகப் பக்கவாட்டில் நகர்வார். சீவும் பட்டை ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும். ஆகவே அது பலத்தைக் காட்டும் வீச்சு கிடையாது, பலத்தை அடக்கும் இழுப்பு. இந்த அடக்கம் தோளிலும் மணிக்கட்டிலும் இருக்கிறது. வாள் வீசுவதுபோல் வெட்டி ஆடுகிற குழுக்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கருவின் உயிரே அந்த அடக்கத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் பாட்டியிடம் கேளுங்கள். வெட்டு ஆண்டுக்கு ஆண்டு மரத்தில் கீழே இறங்கிக்கொண்டே போகும். முதலில் நெஞ்சளவு, பிறகு இடுப்பு, பிறகு முழங்கால். ஒரே அசைவைச் செய்துகொண்டே ஒரு பெண் ஆண்டாண்டாகக் குனிந்து போகிறார். வயது, உழைப்பு, காலம் மூன்றையும் சொல்ல இதைவிட நல்ல அமைப்பு எங்கே கிடைக்கும்? அசைவை ஏழு முறை திருப்பிச் செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு சாண் இறங்குங்கள். அவ்வளவுதான்.

திருப்பிச் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலான படைப்புகள் இந்த இடத்தில்தான் பயந்துவிடுகின்றன. முதல் இரண்டு முறை பார்ப்பவர் அசைவைக் கற்றுக்கொள்கிறார். மூன்றிலும் நான்கிலும் “தெரிந்துவிட்டதே” என்று சலிக்கிறார். ஐந்தாவதில் ஏதோ மாறுகிறதே என்று கவனிக்கிறார். ஆறாவதில் அது எங்கே போகிறது என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் தடுக்க முடியாமல் ஏழாவதைப் பார்க்கிறாரே, அங்கேதான் தொண்டை அடைக்கும். அமைப்பவர் சலிப்புக்குப் பயந்து நான்காவதோடு வெட்டிவிடுகிறார். அதாவது மிகச் சரியாகச் சலிப்பில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். இரண்டோடு நிறுத்துங்கள், அல்லது ஏழு வரை போங்கள். ஒவ்வொரு முறையும் மாறுவது ஒரே ஒரு பொருளாக இருக்கட்டும். உயரமும் வேகமும் திசையும் சேர்ந்து மாறினால் எது மாறியது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

கிடைத்த ஐந்து வினைகளையும் பிறகு உடம்பின் வேறு உறுப்புகளுக்கு மாற்றுங்கள். வெட்டை இடுப்பு செய்யட்டும், கோப்பை துடைப்பதைக் குதிகால் செய்யட்டும். எட்டு எண்ணிக்கையில் முடிவதை முப்பத்திரண்டுக்கு நீட்டுங்கள், பிறகு நான்குக்குள் அடக்குங்கள். ஐவரும் தனித்தனியாகச் செய்தால் இருபத்தைந்து துணுக்குகள் கிடைக்கும். பதினைந்தைத் தூக்கிப் போடத் தயாராக இருங்கள். ஜெர்மனியின் நடன அமைப்பாளர் பினா பௌஷ் தம் ஆட்டக்காரர்களிடம் கேள்விகள் கேட்டு, அவர்கள் தரும் பதில்களிலிருந்து படைப்பை எழுப்பினார். அந்த முறை நமக்கும் பொருந்தும், கேள்வி சரியாக இருந்தால். “வீட்டை இழந்தபோது எப்படி இருந்தது?” என்று கேட்டால் பேச்சுத்தான் வரும். “அம்மா கோபத்தை விழுங்கும்போது அவர் கை எங்கே போகும்?”, “வீடு மாறும்போது கடைசியாக எதைச் சுவரிலிருந்து கழற்றுவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். அசைவு வரும்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிட ஆட்டத்துக்கு நான்கு மணி நேர ஒத்திகை என்று வையுங்கள். பன்னிரண்டு நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு மணி. வேலை முடிந்து வாரம் மூன்று இரவு, இரண்டிரண்டு மணி நேரம் கூடினால் எட்டு வாரம். மூன்று வாரத்தில் முடிக்கும் குழுக்களில் எப்போதும் கடைசி நான்கு நிமிடம்தான் இளைத்துப்போய் நிற்கும். உணர்ச்சி முற்ற வேண்டிய இடமும் அதுவே.

நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பரதத்திலிருந்து வருகிறவர்கள். அது பெரிய சொத்து. சென்னையில் நடன அமைப்பாளர் சந்திரலேகா பரதத்தின் அரைமண்டியையே (முழங்காலை வெளிப்பக்கம் மடக்கிய பாதி இருப்பு) கேரளத் தற்காப்புக் கலையான களரி, யோகம் இவற்றோடு வைத்துப் புதிய மொழி ஆக்கினார், பழையதைத் தூக்கி எறியவில்லை. ஆனால் இரண்டு பழக்கங்களைத் தளர்த்தியே ஆக வேண்டும். ஒன்று, கை போகும் வழியில் கண் போவது. ஒரு வாரம் கையும் கண்ணும் பிரிந்திருக்கப் பயிற்சி கொடுங்கள். கை வெட்டிக்கொண்டிருக்கட்டும், கண் எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியில் நிற்கட்டும். உடம்பு ஓரிடத்தில், மனம் வேறிடத்தில் என்பது அந்த நொடியே தெரியும். இரண்டாவது, பாரத்தைத் தரைக்கு ஒப்புக்கொடுக்கத் தயங்குவது. பரதக்காரர் முதுகு எப்போதும் விழித்திருக்கும், விழச் சொன்னால் அழகாக உட்கார்ந்துவிடுவார். விழுவதைக் கீழிருந்து மேலாகக் கற்றுக்கொடுங்கள்: முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்து, பிறகு மண்டியிட்டு, கடைசியில் நின்று. மூச்சை வெளியே விட்டபடி இறங்க வேண்டும். கெண்டைக்கால் ஓரம், தொடை ஓரம், பிட்டம், பிறகு கை வழுக்கி நீள வேண்டும். முழங்கால் சில்லோ உள்ளங்கையின் அடியோ முதலில் தரையைத் தொடக்கூடாது.

சிமெண்டில் டைல்ஸ் ஒட்டிய மண்டபத்தில் இதைச் செய்யவே வேண்டாம். அதன்மேல் வினைல் விரிப்பு போட்டாலும் வழுக்கல் குறையுமே தவிர, அதிர்ச்சியைத் தாங்காது. துண்டு துண்டாகக் கோக்கும் நுரைப் புதிர்ப்பாய் போட்டு ஆடினால் கால்விரல் புதைந்து கணுக்கால் பிசகும். அடியில் மரச்சட்டம் வைத்த தளம் உள்ள ஸ்டூடியோவை வாரம் ஒருமுறையாவது வாடகைக்கு எடுத்து, விழுவதையும் தூக்குவதையும் அங்கேயே பழகுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை சொட்டி வினைல் ஈரமாகும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இடையில் துண்டால் துடையுங்கள், பவுடர் போடாதீர்கள்.

அசையாமல் நிற்பதும் அசைவுதான். ஆடுகிறவர் நான்கு எண்ணிவிட்டு நீண்ட நேரம் நின்றதாக நினைப்பார். எண்ணிக்கையை விடுங்கள், “ஐந்து மூச்சு நில்” என்று சொல்லுங்கள். ஓய்விலிருந்து வந்து நின்றால் அது செத்த இடம். நாற்பது நொடி முழு வேகத்தில் ஓடிவிட்டு நின்றால் விலா ஏறி இறங்குவது தெரியும், சிறிய அரங்கில் மூச்சொலியும் கேட்கும். அந்த மூச்சோடு பார்வையாளர் மூச்சும் சேர்ந்துகொள்ளும்.

பார்ப்பவர் உடம்பைப் பற்றி ஒரு செய்தி. 2005இல் வெளிவந்த ஒரு லண்டன் ஆய்வில், பாலே ஆடுகிறவர்களுக்கும் பிரேசிலின் கப்போயிரா ஆடுகிறவர்களுக்கும் இரண்டு வகை அசைவுகளையும் காட்டி மூளையைப் படம் எடுத்தார்கள். தாம் பழகிய வகையைப் பார்க்கும்போது, அசைவைக் கையாளும் பகுதிகள் கூடுதலாக இயங்கின. நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது, நம் பார்வையாளர் எதைப் பழகியிருக்கிறார் என்ற கேள்விதான். பத்துமலையின் 272 படிகளைப் பால்குடத்தோடு ஏறிய கழுத்துகள் அந்த அரங்கில் எத்தனை இருக்கும்! தலையைத் திருப்பாமல், முழங்காலைத் தளர்த்தி, பார்வையைத் தாழ்த்தி நடக்கும் அந்த நடை அவர்கள் உடம்பில் இருக்கிறது. குடத்தை மேடைக்குக் கொண்டு வராதீர்கள், அதற்குரிய இடம் வேறு. அந்தப் பாரத்தை மட்டும் கொண்டு வாருங்கள். மூட்டை இல்லாமல், மூட்டையின் கனத்தோடு நடக்கட்டும்.

ஆடுகிறவரின் மனத்துக்கு வருகிறேன். சொந்த இழப்பை நினைத்து ஆடச் சொல்வது சில ஒத்திகைகளில் வழக்கமாகிவிட்டது. நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன், பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் இதைச் செய்யவே கூடாது. உண்மையில் அழுகிற உடம்பில் தொண்டை இறுகும், மூச்சு குட்டையாகும், தாளம் பிந்தும். தூக்க வேண்டியவர் அரை நொடி பிந்தினால் கீழே விழுவது இன்னொருவர். தினம் தினம் அதே காயத்தைக் கிளறினால் நான்காவது வாரத்தில் அது மரத்துப்போகும், மேடைக்கு வரும்போது ஒன்றும் மிஞ்சாது. வினையைக் கொடுங்கள், மூச்சைக் கொடுங்கள், பார்க்கும் திசையைக் கொடுங்கள். உணர்ச்சி வந்தால் வரட்டும், வராத நாளிலும் ஆட்டம் நிற்க வேண்டும். கனமான பகுதியைப் பழகிய இரவுகளில் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்குங்கள். கைகால்களை உதறி, அறையில் கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரை உரக்கச் சொல்லி, தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும். அப்படியே மோட்டாரில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

இருவர் ஆடும் பகுதியில் தொடுவதற்கு அவசரப்பட வேண்டாம். ஆறு மீட்டர் இடைவெளி நான்கு நிமிடத்தில் ஒரு கை தூரமாகச் சுருங்கி, அங்கே நின்றுவிடுவது பல அணைப்புகளைவிட வலியது. தொட்டே ஆக வேண்டுமென்றால் எங்கே, எவ்வளவு பாரம் என்று இருவரையும் முன்பே வாய்விட்டுப் பேசவிடுங்கள். தயக்கத்தோடு தொடும் கை கடைசி வரிசைக்கும் தெரியும்.

பாட்டைக் கடைசியில் சேருங்கள். வரிகள் “அழு” என்று சொன்னால் உடம்புக்கு வேலை இல்லாமல் போகும். அமைதியில் ஆடிப் பார்த்து, பொருத்தமில்லாத மூன்று இசைகளைப் போட்டுப் பாருங்கள், ஒன்று வியக்கும்படி ஒட்டிக்கொள்ளும். விளக்கு முன்பக்கமிருந்து மட்டும் விழுந்தால் உடம்பு தட்டையாகும். பக்கத்துக்கு இரண்டு தாங்கிகள் வைத்து, ஒரு விளக்கை முழங்கால் உயரத்திலும் இன்னொன்றைத் தோளுயரத்திலும் கட்டச் சொல்லுங்கள்.

ஆறாவது வாரத்தில் நடனம் தெரியாத ஐந்து பேரை அழைத்துக் காட்டுங்கள். “பிடித்ததா?” என்று கேட்காதீர்கள், “என்ன பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். “யாரோ எதையோ தேடிக்கிட்டே இருந்தாங்க” என்று ஒருவர் சொன்னால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். “ரொம்ப சோகமா இருந்துச்சு” என்று ஐவரும் சொன்னால் முகத்தைக் குறைத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்.

முடிவில் நிலை பிடித்து நிற்க வேண்டாம். ஏழாவது வெட்டு நடந்துகொண்டிருக்கும்போதே விளக்கு இருபது நொடியில் இறங்கட்டும், இருட்டில் கால் உரசும் சத்தம் மட்டும் கேட்கட்டும். பிறகு எட்டு நொடி முழு இருட்டு. இதை அறிவிப்பாளரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். கைத்தட்டல் ஓயும் வரை அவர் மைக்கைத் தொடக்கூடாது, அடுத்த அங்கத்தின் பெயரை அதற்கப்புறம் வாசிக்கலாம்.