குழாய் சொட்டுகிறது, டல்லாஸ் தூங்குகிறது

(கோயம்புத்தூரில் வடவள்ளியைத் தாண்டி மருதமலைப் பக்கமாகப் போகும் வழியில் உள்ள ஒரு முதியோர் அடுக்ககம். ஊரின் தட்பவெப்பத்தை நம்பிச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்து குடியேறியவர்களே இங்கு மிகுதி. நவம்பர் மாதத்து மாலை, மணி ஐந்து. பழுதாகி நிற்கும் லிஃப்டுக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் கந்தசாமி, வயது 79, போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றொன்றில் ருக்மணி, வயது 74, கணக்கு ஆசிரியையாக இருந்தவர். பிறர் செய்யும் தவறுகளில் கூட்டல் பிழையை மட்டும் மன்னிக்காதவர்.)

கந்தசாமி: டீச்சரம்மா, என் வீட்டுக் குளியலறைக் குழாய் போன அமாவாசையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வாஷரை மாற்றினால் தீர்ந்துவிடும் இந்த விவகாரம் இப்போது வெளிநாட்டு ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.

ருக்மணி: வாஷர் மாற்றுவதற்குப் பிளம்பர் வந்தால் போதுமே ஐயா, வெளிநாடு எதற்கு?

கந்தசாமி: முன்பு வரவேற்பறையில் புகார்ப் பதிவேடு ஒன்று இருந்தது. வேலை நடந்ததோ இல்லையோ, எழுதிக் கையெழுத்திட்ட நிம்மதியாவது நமக்குக் கிடைத்தது. புதிய மேலாளர் வந்தார். இனி எல்லாம் காகிதமில்லா நிர்வாகம் என்று சொல்லி அதை எடுத்துவிட்டார். இப்போது புகாரைச் செயலியில் பதிய வேண்டும். பதிந்தால் ஓ.டி.பி. வரும். அந்த ஓ.டி.பி. வீட்டு உரிமையாளரின் எண்ணுக்குத்தான் போகும். வீடு என் மகன் பெயரில் இருக்கிறது, மகன் டல்லாஸில் இருக்கிறான். ஆகவே, என் குழாய் சொட்டுவது உண்மைதான் என்று அமெரிக்காவிலிருந்து உறுதி வந்தால்தான் இங்கே பிளம்பர் ஸ்பானரைக் கையில் எடுப்பார்.

ருக்மணி: அவரிடம் கேட்டு எண்ணைச் சொல்லிவிட வேண்டியதுதானே?

கந்தசாமி: கேட்கலாம். ஆனால் ஓ.டி.பி.க்குப் பத்து நிமிடம்தான் ஆயுள். அதைப் பெற்றுக்கொள்ளும் மேலாளர் அலுவலகம் காலை பத்து மணிக்குத் திறக்கிறது. அப்போது டல்லாஸில் இரவு பத்தரை, என் மகன் கைப்பேசியை மௌனமாக்கிவிட்டுப் படுத்திருப்பான். அவன் ஏழு மணிக்குக் கண் விழிக்கும்போது நமக்கு மாலை ஆறரை. அலுவலகத்தை ஆறு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள்.

ருக்மணி: ஒன்பதாம் வகுப்பில் வெட்டாக் கணங்கள் என்று ஒரு பாடம் உண்டு. பொதுவான உறுப்பு ஒன்றுகூட இல்லாத இரண்டு கணங்களுக்கு நான் ஆண்டுதோறும் ஒற்றைப்படை எண்களையும் இரட்டைப்படை எண்களையுமே காட்டிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு மேலாளரும் ஒரு மகனும் அப்போது கிடைக்காமல் போய்விட்டார்களே!

கந்தசாமி: உங்களுக்கு எடுத்துக்காட்டு, எனக்கு ஈரத் தரை. நான் பணியில் இருந்த காலத்தில் ஒப்புகை அட்டையோடு ஒரு பதிவுத் தபாலை அனுப்பினால், பெற்றுக்கொண்டவர் கையெழுத்தோடு அது திரும்பி வரும். அவர் தூங்கினாலும் தபால் தூங்காது. ஆனால் அந்தப் பதிவுத் தபாலையே 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், இனி யாரிடம் போய்ச் சொல்வது?

ருக்மணி: நேற்று இரவு உங்கள் வீட்டில் பேச்சுச் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டதே?

கந்தசாமி: மகன்தான் பேசினான். நான் லிஃப்டைப் பற்றி மூன்று முறை கேட்டேனாம்; சாம்பாரைப் பற்றி மற்றவர்கள் முன்னிலையில் கருத்துச் சொன்னேனாம்; மேலாளர் அவனுக்கு விரிவாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். “அப்பா, கொஞ்சம் அனுசரித்துப் போகக்கூடாதா?” என்று கேட்கிறான்.

ருக்மணி: பிள்ளை வகுப்பில் பேசுகிறான், பக்கத்தில் இருப்பவனையும் கெடுக்கிறான் என்று பெற்றோரை வரவழைத்துச் சொல்வதே எனக்கு முப்பது ஆண்டுக் காலம் வேலையாக இருந்தது. பெற்றோர் பேசுகிறார்கள் என்று பிள்ளையிடம் சொல்லும் காலம் வரும் என்று அப்போதே தெரிந்திருந்தால், அந்தப் பையன்களிடம் கொஞ்சம் தயவாக நடந்திருப்பேன்.

கந்தசாமி: சட்டப்படி எனக்கு ஏதாவது இடம் இருக்கிறதா என்றும் தேடிப் பார்த்துவிட்டேன். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் முதியோர் குடியிருப்புகளுக்கென்றே மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. கட்டுநர், சேவை நிறுவனம், ஒதுக்கீடு பெற்றவர் ஆகிய மூவரும் சேர்ந்து முத்தரப்பு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று அதில் படித்தபோது எனக்கு மனம் குளிர்ந்தது. பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். கட்டுநர் நான் இல்லை. சேவை நிறுவனமும் நான் இல்லை. ஒதுக்கீடு பெற்றவன் டல்லாஸில் தூங்குகிறான். நான்காவதாக, இங்கே உட்கார்ந்து அந்தக் குழாய்ச் சொட்டை எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு எந்தத் தரப்பு?

ருக்மணி: சங்கத்திலாவது ஒரு வாக்கு இருக்கிறதா?

கந்தசாமி: தமிழ்நாட்டில் அடுக்கக உரிமைச் சட்டத்தை மாற்றி, 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இரண்டிலும் சங்கம் என்பது உரிமையாளர்களின் சங்கம்தான். போன பொதுக்குழுவில் மாடிப்படித் திருப்பத்தில் மூச்சு வாங்கி உட்கார ஒரு பெஞ்ச் வேண்டும் என்று கேட்டேன். நாற்பது மகன்களும் மகள்களும் காணொளியில் தோன்றி, பெஞ்சுக்குப் பதிலாக உடற்பயிற்சிக் கூடத்துக்கு வாக்களித்துவிட்டுப் போனார்கள். அதுவும் முதல் மாடியில்!

ருக்மணி: என் வீடு என் பெயரில் இருப்பதால் எனக்கு வாக்கு உண்டு. ஆனால் வாக்கு வைத்திருப்பவள் படும் பாட்டையும் கேளுங்கள். ஏப்ரலிலிருந்து பராமரிப்புக் கட்டணத்தை 7,400 ரூபாயிலிருந்து 7,900 ஆக உயர்த்தினார்கள், நினைவிருக்கிறதா? ஐந்நூறு ரூபாய்தான் கூட்டியிருக்கிறோம் என்று சுற்றறிக்கையில் இருந்தது. எனக்கு வந்த ரசீதில் 9,322 ரூபாய் இருந்தது.

கந்தசாமி: எப்படி?

ருக்மணி: சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி, ஓர் உறுப்பினரின் மாதக் கட்டணமும் 7,500 ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. வரும். நாம் 7,400 கட்டியவரை வரியே இல்லை. 7,900 ஆனதும், அந்த 7,900 முழுவதற்கும் 18 சதவீதம் என்று 1,422 ரூபாயைச் சேர்த்துவிட்டார்கள். வரித்துறை 2019-இல் வெளியிட்ட சுற்றறிக்கை அப்படித்தான் சொன்னது. ஆனால் 7,500-க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே வரி என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மேற்பட்ட தொகை 400 ரூபாய், அதற்கு வரி 72 ரூபாய். 1,422 எங்கே, 72 எங்கே? வீட்டுக்கு 1,350 ரூபாய் வித்தியாசம். 120 வீடுகளுக்கு மாதம் 1,62,000 ரூபாய்.

கந்தசாமி: மேலாளரிடம் இதைக் காட்டினீர்களா?

ருக்மணி: கரும்பலகை ஒன்றுதான் இல்லை, மற்றபடி பாடமே நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “மேடம், கணக்குப் போடுவது நாங்கள் இல்லை, மென்பொருள்” என்றார். அப்படியானால் அந்த மென்பொருளை என்னிடம் அனுப்புங்கள், வாய்ப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன் என்றேன். சரி, இத்தனை மாதமாக உங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் இதைக் கேட்கவில்லையா?

கந்தசாமி: எங்கள் வீட்டுக் கட்டணம் மகனுடைய வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடுகிறது. போகிறது என்பது எனக்கும் தெரியாது, எவ்வளவு என்பது அவனுக்கும் தெரியாது.

ருக்மணி: சாப்பாட்டு விஷயம் தெரியுமா உங்களுக்கு?

கந்தசாமி: தெரியாமலா இருப்பேன்? இரண்டு வேளையும் அங்கேதானே உட்காருகிறேன். சாதம் உதிரியாக இருக்க வேண்டும் என்று சொந்தப் பல் உள்ளவர்கள் ஒரு கட்சி. குழைய வேண்டும் என்று பல் செட்டுக்காரர்கள் இன்னொரு கட்சி. சமையல்காரர் இரண்டு கட்சியையும் சமமாக நடத்துவதற்காக அடியில் குழையவும் மேலே விறைப்பாகவும் வடிக்கிறார். உப்பு அதைவிட மோசம். இரத்த அழுத்தக்காரர்களுக்காகப் பொதுவில் உப்பைக் குறைத்தார்கள். மற்றவர்களுக்காக மேசைக்கு மேசை உப்புக் கிண்ணம் வைத்தார்கள். இப்போது அந்தக் கிண்ணத்திலிருந்து அதிகமாக அள்ளிக்கொள்பவர்களே இரத்த அழுத்தக்காரர்கள்தான். போன ஏகாதசியன்று சாம்பாரில் வெங்காயம் மிதந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சி பிளாக் மாமி கரண்டியால் அதை ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு, சாட்சிக்காகப் படம் எடுத்தார்.

ருக்மணி: அந்தப் படத்தைக் குழுவில் போட முடியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகிகள் மட்டும்தான் பதிவிடலாம் என்று மாற்றிவிட்டார்கள். நமக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்ட மட்டுமே அனுமதி. நான் சொல்ல வந்தது வேறு. கடந்த மாத உணவுத் தர அறிக்கையைப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள், பார்த்தீர்களா? சாம்பாருக்கு ஐந்துக்கு 4.8 நட்சத்திரம்.

கந்தசாமி: நம் சாம்பாருக்கா? யார் கொடுத்தது?

ருக்மணி: கருத்துப் படிவத்தின் இணைப்பும் உரிமையாளர்களின் எண்ணுக்குத்தான் போகிறது. டல்லாஸ், சிட்னி, சிங்கப்பூர் எல்லாரும் ஒரே குரலில் அருமை என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் மகன் தனிக் குறிப்பே எழுதியிருக்கிறார்: “வீட்டுச் சுவை, அப்பா மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறார்.”

கந்தசாமி: (சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு) அவன் கல்லூரி விடுதியில் இருந்தபோது சாப்பாடு சரியில்லை என்று வாரம் ஒரு கடிதம் எழுதுவான். நானும் பிரித்துப் படித்துவிட்டு, பரவாயில்லை, பழகிக்கொள் என்று பதில் எழுதுவேன். பையன் ஒன்றையும் மறப்பவன் இல்லை.

ருக்மணி: குளியலறை அவசர மணிக் கயிறு என்ன ஆயிற்று? அதை இழுத்தாவது ஆளை வரவழைத்திருக்கலாமே.

கந்தசாமி: தரை துடைக்கும் பெண் தடுக்குகிறது என்று அதைச் சுருட்டி உயரத்தில் முடிச்சுப் போட்டுவிட்டாள். கீழே விழுந்தவன் எழுந்து நின்றால்தான் அது எட்டும். எட்டி இழுத்தாலும் செக்யூரிட்டி முதலில் உரிமையாளருக்குத்தான் தகவல் சொல்வார். டீச்சரம்மா, நானே நேரில் உறுதிப்படுத்தக்கூடிய விஷயம் இந்த ஊரில் ஒன்றுதான் மீதி இருக்கிறது.

ருக்மணி: எது?

கந்தசாமி: உயிர்வாழ் சான்றிதழ். மத்திய அரசு ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறாரா என்று நவம்பர் மாதத்தில் அவரிடமேதான் கேட்கிறார்கள், மகனிடம் கேட்பதில்லை. அந்த அளவுக்கு அரசின் மீது எனக்கு மரியாதை. ஆனால் நம் நிர்வாகம் அதற்கு முகாம் வைத்த இடம் மன்றக் கட்டடத்தின் முதல் மாடி. அங்கேயும் லிஃப்ட் ஓடவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனால் விரல் ரேகை பதியவில்லை. ஆயிரக்கணக்கான மணியார்டர் படிவங்களைப் புரட்டிய விரல், ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? முகத்தைக் காட்டுங்கள் என்றார்கள். காட்டினேன். கண்ணைச் சிமிட்டுங்கள் என்றது கைப்பேசி. புரை அறுவை செய்த கண், அது தன் விருப்பப்படிதான் சிமிட்டும். கடைசியில் வெறுத்துப்போய்ப் பெருமூச்சு விட்டேன், உடனே உயிர் உறுதியாயிற்று.

ருக்மணி: எண்பது முடிந்துவிட்டால் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாமாமே?

கந்தசாமி: ஆம், ஓய்வூதியத்திலும் 20 சதவீதம் கூடும். ஆகவே அடுத்த ஆண்டு வரை உயிரோடு இருப்பதாக முடிவு செய்திருக்கிறேன். குழாய்தான் விடாது போலிருக்கிறது.

ருக்மணி: (கைப்பேசியை எடுத்து) போதும் ஐயா. பி. என். புதூரில் எனக்குத் தெரிந்த பிளம்பர் பையன் இருக்கிறான். என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவன். இப்போதே வரச் சொல்கிறேன்.

கந்தசாமி: வெளியாட்களை வேலைக்கு அழைக்கக் கூடாது என்று விதி இருக்கிறதே. வாசலில் மேலாளர் ஒப்புதல் கேட்பார்களே.

ருக்மணி: வேலையாளுக்குத்தானே ஒப்புதல்? உறவினர் வந்தால் உரிமையாளர் ஒப்புக்கொண்டால் போதும், அந்த ஓ.டி.பி. என் கைக்கே வரும். தம்பி மகன் என்று பதிந்துவிடுகிறேன்.

கந்தசாமி: உங்களுக்குத் தம்பி இருப்பதாக இதுவரை நீங்கள் சொன்னதில்லையே?

ருக்மணி: கிடையாது. அது செயலிக்குத் தெரியாது. (கைப்பேசி ஒலிக்கிறது.) அதோ, வாசலிலிருந்து கேட்கிறார்கள்... ஆமாம், என் தம்பி மகன்தான். பையில் ஸ்பானரா? பொறியியல் படித்தவன் பையில் வேறு என்ன இருக்கும்? உள்ளே அனுப்புங்கள்... என்ன? இரவுச் சாப்பாட்டுக்கு விருந்தினர் டோக்கனா?

கந்தசாமி: வாங்கிவிடுங்கள் டீச்சரம்மா, காசு நான் தருகிறேன். வாஷரை மாற்றிய கையோடு வந்து அவனும் ஒரு வாய் சாப்பிடட்டும். உதிரிச் சாதக் கட்சியில் போன வாரம்தான் ஒருவர் பல் செட்டுக்கு மாறிவிட்டார், எங்களுக்கு ஆள் குறைகிறது.