அக்கரையில் 14 நாள், இக்கரையில் கணக்கே இல்லை

எங்கள் அக்கா வீட்டுச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். எல்லை தாண்டிவிட்டார் என்று மீன்பிடிக்கப் போன மச்சானை இலங்கைப் பக்கம் பிடித்துக்கொண்டு போன வருடம், அந்தக் காலண்டரில்தான் அக்கா கணக்கு வைத்திருந்தார். அங்கே கோர்ட்டில் நிறுத்திய நாளிலிருந்து 14 தாள் எண்ணி, பதினான்காவது தாளின் மூலையை மடித்து வைப்பார். அந்த நாள் வந்ததும் காலையிலிருந்தே டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். "மீனவர்களின் விளக்கமறியல் நீட்டிப்பு" என்று கீழே எழுத்து ஓடும். எழுந்து போய் இன்னும் 14 தாள் எண்ணுவார். நான்கு மூலை மடித்தார். ஐந்தாவதுக்குள் மச்சான் வந்து சேர்ந்தார். படகு வரவில்லை.

நம் பக்கம் ரிமாண்ட் என்போம், நீதிமன்றக் காவல் என்போம். விளக்கமறியல் என்பது இலங்கைத் தமிழ். இன்றைக்கு ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் அந்தச் சொல் தெரியும். அப்படித் தெரிந்துவைத்திருப்பதே எனக்கு வலிக்கிறது.

ஆனால் இன்று நான் சொல்ல வந்தது அக்கரையைப் பற்றி அல்ல, இக்கரையில் இருக்கும் சிறப்பு முகாமைப் பற்றி.

மண்டபத்தில் என்னோடு படித்த ஒருவன் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவன். அவனுடைய சித்தப்பா மீது பாஸ்போர்ட் சம்பந்தமாக ஒரு வழக்கு வந்தது. செய்தாரா இல்லையா என்று நான் சொல்ல முடியாது, அதைச் சொல்ல வேண்டியது கோர்ட். அந்தக் கோர்ட் ஜாமீன் கொடுத்தது. ஜாமீனுக்கு உள்ளூர்க்காரர் இரண்டு பேர் வேண்டும். ஒருவராக என் அப்பா நின்றார். வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பினார். கையெழுத்தெல்லாம் போட்டு முடித்து, மறுநாள் அந்த மனிதர் வெளியே வந்தால், வாசலில் இன்னொரு உத்தரவோடு ஜீப் நிற்கிறது. வெளிநாட்டவர் சட்டப்படி சிறப்பு முகாமில் இருக்க வேண்டுமாம். வீட்டுக்கு வரவே விடவில்லை. அப்பா அன்று ராத்திரி சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வெளிய விடமாட்டாகன்னா, என் ரசீத எதுக்குடா வாங்குனாக?" என்றார். எனக்கு அன்று பதில் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மண்டபத்தில் இருப்பது அகதிகள் முகாம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம் சனங்களை நோய்ச் சோதனைக்காக நிறுத்திவைத்த பழைய இடம். 1983க்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்கள் அங்கே தங்குகிறார்கள். அங்கிருந்து கூலி வேலைக்குப் போகலாம், பிள்ளைகள் பள்ளிக்குப் போகலாம். சிறப்பு முகாம் அப்படி இல்லை. பூட்டு இருக்கிறது, காவல் இருக்கிறது. திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள்ளேயே ஒன்று நடக்கிறது. பெயரில் மட்டும்தான் சிறை இல்லை.

குண்டர் சட்டத்தில் ஒருவரை உள்ளே போட்டால்கூட, அதிகபட்சம் 12 மாதம் என்று ஒரு கோடு இருக்கிறது. உள்ளே வைத்தது சரியா என்று பார்க்க அறிவுரைக் கழகம் என்று ஒன்று இருக்கிறது, அதன் முன் நின்று பேசலாம். வெளிநாட்டவர் சட்டம் 1946இல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. "நீ இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும்" என்று சொல்லும் அதிகாரத்தை அது அரசுக்குக் கொடுத்தது, எத்தனை நாளுக்கு என்று கேட்கவில்லை. அதற்குப் பதிலாக 2025இல் புதுச் சட்டம் வந்துவிட்டது. பூட்டு மாறவில்லை. உள்ளே இருப்பவர்களின் வீட்டில் எந்தத் தாளின் மூலையை மடிப்பார்கள்? அதனால்தான் உண்ணாவிரதம் இருக்கிறார்கள். 2021இல் சிலர் தற்கொலைக்கே முயன்றார்கள். செய்தியில் ஒரு நாள் வரும், அப்புறம் மறந்துபோவோம்.

ராஜீவ் கொலை வழக்கில் சிறையில் இருந்த இலங்கைத் தமிழர் சாந்தனை நினைத்துப் பாருங்கள். அந்த வழக்கைப் பற்றி உங்களுக்கு என்ன கருத்து வேண்டுமானாலும் இருக்கட்டும். 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை என்று சொல்லிவிட்டது. அதோடு அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் அவரைத் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். யாழ்ப்பாணத்தில் அம்மா காத்திருந்தார். ஊருக்கு அனுப்புங்கள் என்று சாந்தன் கேட்டுக்கொண்டே இருந்தார். 2024 பிப்ரவரி 28 அன்று சென்னையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். விடுதலை ஆனபிறகு ஒரு வருடத்துக்கும் மேலே எந்தக் குற்றத்துக்காக அவர் உள்ளே இருந்தார்? உடல்தான் ஊருக்குப் போனது.

இந்தத் திருச்சி நம் சீமைக்குப் புதிது அல்ல. 1772இல் ஆற்காடு நவாப்பும் கிழக்கிந்தியக் கம்பெனியும் ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தபோது, சிறுவனாக இருந்த நம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைத் தாயோடு அடைத்துவைத்தது திருச்சியில்தான். 1795இல் கம்பெனி அவரை மறுபடி பிடித்துத் திருச்சிக்கே கொண்டுபோனது, பிறகு சென்னைக்கு. ஒரு விசாரணையும் கிடையாது. 1809இல் கைதியாகவே இறந்தார். அரண்மனையைச் சுற்றிக் காட்டும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி நாம் கொதிக்கிறோம். கொதிக்க வேண்டியதுதான்.

"முகாமில் இருப்பவர்களில் ஆயுத இயக்கத்துக்காரர்கள் இருந்தால்?" என்று கேட்பவர்கள் உண்டு. இருந்தால் வழக்கு நடத்துங்கள், சாட்சியைக் கொண்டுவாருங்கள், குற்றம் நிரூபணமானால் தண்டனை கொடுங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. நம் மீனவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். நம் இழுவை மடி வலை வடக்கு இலங்கைத் தமிழ் மீனவனின் வலையையும் கடலடியையும் அறுத்துக்கொண்டு போகிறது, அதை மறைக்க நான் தயாரில்லை. ஆனால் தப்பு செய்தவனுக்கும் தீர்ப்பு என்று ஒன்று சீக்கிரம் வர வேண்டும். போதைப்பொருள் கடத்தினார்கள் என்று 2011 நவம்பரில் பிடிபட்ட தங்கச்சிமடம் மீனவர்கள் 5 பேருக்கு 2014 அக்டோபர் 30 அன்றுதான் கொழும்பில் தீர்ப்பு வந்தது, அதுவும் தூக்கு. அன்று நம் ஊர் தண்டவாளத்தையே பெயர்த்தது. அடுத்த மாதமே மன்னிப்பு கிடைத்து வீடு வந்தார்கள். தீர்ப்புக்கு முன்னால் உள்ளே போன அந்த மூன்று வருடம்? அதை யாரும் திருப்பித் தரவில்லை.

நம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு "குடிமகன்" என்று சொல்லவில்லை, "எந்த நபரும்" என்றுதான் சொல்கிறது. அக்கரையிலிருந்து வந்து நடுக்கடல் மணல்திட்டில் கைக்குழந்தையோடு இறக்கிவிடப்பட்டு, விடிய விடிய தனுஷ்கோடி அரிச்சல்முனையைப் பார்த்துக்கொண்டு நிற்பவரும் ஒரு நபர்தான்.

வழக்கு இருப்பவருக்கு விசாரணை நடக்கட்டும். ஜாமீன் கிடைத்தவர், தண்டனை முடித்தவர், விடுதலையானவர் குடும்பத்தோடு இருக்கட்டும். ஊருக்குப் போக விரும்புகிறவரை உடனே அனுப்புங்கள். போனால் உயிருக்கு ஆபத்து என்பவரை அனுப்பாதீர்கள். சிறப்பு முகாமை மூடுங்கள்.

மீனவர் சங்கத்துத் தம்பிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மீனவர்களை விடுவிக்கச் சொல்லித் தங்கச்சிமடத்தில் பந்தல் போடும்போது, கோரிக்கை நோட்டீஸில் கடைசியாக ஒரு வரி சேருங்கள்: "சிறப்பு முகாமில் விசாரணையின்றி இருப்பவர்களையும் விடுதலை செய்." நோட்டீஸ் அடிக்கிற செலவு என்னுடையது. பந்தலில் முதல் ஆளாக வந்து உட்காருகிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.