புள்ளி தெரிந்தால் பழைய அச்சு அல்ல

மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு பறவைப் படத்தைப் பற்றி (அமெரிக்கப் பறவை ஓவியர் ஆடுபன் வரைந்தது) 'லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, அதனால் 1830-களின் ஒரிஜினல்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விஷயம் நேர் எதிர். ஆடுபனின் 'அமெரிக்கப் பறவைகள்' தொகுப்பாக 1827–1838-இல் வந்த 435 படங்களும் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டியவை. லென்ஸில் கோடும் மைத்துகளும் தெரியும், அவற்றின் மேல் நீர்வண்ணம் படர்ந்திருக்கும். வரிசை வரிசையான வண்ணப் புள்ளி என்றால் பிற்கால ஆப்செட் (இயந்திர வண்ண அச்சு) நகல்தான்.

அளவு சின்னது என்பதை மட்டும் வைத்துப் போலி என்று தள்ளவும் முடியாது. 1840-களில் இதே தொகுப்பின் சிறிய பதிப்பு ஒன்றும் வந்தது. அது கல்லச்சு (கல்லில் வரைந்து அச்சடிப்பது), அதற்கும் கையால்தான் வண்ணம்.

அப்புறம், 'நம்ம ஊரில் இப்படி எதுவும் வரவில்லை' என்பதும் சரியல்ல. பறவையியலாளர் ஜெர்டனின் இந்தியப் பறவைப் படத்தொகுப்பு, 50 படங்களுடன், 1843–47-இல் மதராஸில்தான் வெளியானது.