திருப்பணியில் இறக்கி வைக்கும் சாமிகளுக்கு ஓர் இடம்

செட்டிநாட்டில் எந்த ஊர்க் கோயிலில் திருப்பணிக் கூட்டம் போட்டாலும், வசூலுக்கு முன்னால் காரியக்காரர்கள் ஒன்றைப் பேச வேண்டும் என்பது என் கருத்து. பழைய சிலைகளை எங்கே வைக்கப் போகிறோம்?

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம் இதற்காகவே பிறந்தது. 1951இல் அங்கே கலெக்டராக இருந்த டி.கே. பழனியப்பன் முன்னின்று தொடங்கியது. பூசையில்லாமல் கிடந்த சிலைகள் ஊர் ஊராக வந்து சேர்ந்தன. திருவெண்காட்டில் மண்ணுக்குள் கிடைத்த செப்புத் திருமேனிகளும் வந்தன.

அதில் காளை வாகனத்துச் சிவனான ரிஷபவாகனரை அவசியம் பாருங்கள். கால் மாற்றி, ஒயிலாக நிற்கிறார். சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றி, பாம்பு வைத்துக் கட்டியிருக்கிறது. காளை கிடைக்கவில்லை. அதன் மேல் சாய்த்த கை மட்டும் அப்படியே இருக்கிறது. ராஜராஜன் காலத்தில் 1011இல் இவரைப் பற்றித் திருவெண்காட்டுக் கோயிலில் கல்வெட்டு இருக்கிறது. ஊர் தெரிந்ததால்தான் அதையும் இவரையும் பொருத்த முடிந்தது. இல்லாவிட்டால் ‘சோழர் காலம்’ என்று ஒரு அட்டையோடு போயிருக்கும்.

நம் பக்கம் வருவோம். பர்மா, மலேயா சம்பாத்தியத்தில் நகரத்தார் பழைய கோயில்களைப் புதுக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார்கள். அந்தப் பெருமையில் எனக்குப் பங்கு உண்டு. ஆனால் பழைய கட்டடத்தோடு எத்தனை கல்வெட்டும் சிற்பமும் போயின என்று நினைத்தால் வயிறு எரிகிறது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1910லேயே அருங்காட்சியகம் வைத்துவிட்டது. திருக்கோகர்ணத்தில் இன்றும் இருக்கிறது. காரைக்குடிப் பக்கத்துக்கும் சிற்பத்துக்கென்றே ஒன்று வேண்டும்.

பின்னமான, அதாவது உடைந்த, சிலை பூசைக்கு ஆகாது, சரி. அதற்காக மடைப்பள்ளிக்குப் பின்னால் குப்புறக் கிடக்கவேண்டுமா? வீட்டுத் தூணையும் நிலைக்கதவையும் காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் உள்ள முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்பது அவரவர் இஷ்டம். சாமி சிலை ஊர்ப் பொது.

பெரிய செலவில்லை. திருப்பணிக்காகச் சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயத்துக்கு முன்பே ஒவ்வொரு சிலையையும் நாலு பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும். எந்தக் கோஷ்டத்தில் (சுவர் மாடத்தில்) இருந்தது என்று எழுதி, அறநிலையத் துறைக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும். அப்புறம் இடம். பூட்டிக் கிடக்கிற வீடுகள் நம் ஊர்களில் குறைவா? பங்காளிகள் மனமொத்து ஒன்றைக் கொடுத்தால், அரசு அனுமதியோடு அந்த வீட்டின் பட்டாலைக் கூடத்தைச் சுற்றியே சிலைகளை வைத்துவிடலாம். எங்கள் பங்காளிகளிடம் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் உங்கள் ஊரில் பேசுங்கள்.