ஆறு மணி 11 நிமிடம்

என்ன விஷயம் என்று எங்கள் ஓட்டக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கும் இதற்குள் ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். அதனால் முன்கதை சொல்லப் போவதில்லை, பேரும் சொல்லப் போவதில்லை. என்னைக் கேலி செய்தவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம், இனியும் அப்படித்தான் கூப்பிடுவேன். கோபம் வேறு, மரியாதை வேறு.

"ஆறு மணி நேரத்துக்கு மேல போனா அதுக்குப் பேர் மாரத்தான் இல்லம்மா, பாதயாத்திரை."

ஆறு மணி 11 நிமிடத்தில் மாரத்தான் முடித்து நான் போட்ட மெடல் போட்டோவுக்குக் கீழே அண்ணா போட்டது இது. பக்கத்திலேயே ஒரு கும்பிடு எமோஜி. அதற்கு 17 பேர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். உட்கார்ந்து எண்ணினாயா என்றால், ஆமாம், எண்ணினேன். ராத்திரி இரண்டு மணிக்கு, தொடை வலியில் தூக்கம் வராமல், ஒவ்வொரு பேராகப் பார்த்து எண்ணினேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓடியது மாரத்தான். 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் கிளம்பி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிய வேண்டும் என்று போட்ட கணக்கு அது. 1921இல் அதையே எல்லோருக்கும் நிரந்தரமாக்கினார்கள். அரச குடும்பத்துக்காகக் கூட்டிக் குறைத்திருக்கலாம், எனக்காக ஒரு மீட்டரும் குறைக்கவில்லை. மூன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்தவர் மிதித்த அதே ரோடு, அதே யு-டர்ன், மிதித்தால் நேரத்தைப் பதிகிற அதே டைமிங் மேட். அவர் காலுக்கு பீப் அடித்த மேட் என் காலுக்கும் பீப் அடித்தது. கட்-ஆஃபுக்கு, அதாவது முடிக்கக் கொடுத்த கெடு நேரத்துக்கு, இன்னும் 19 நிமிடம் பாக்கி இருந்தது. இதற்கு மேல் என்ன சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும், தாசில்தார் கையெழுத்து போட்டதா?

அப்புறம், பாதயாத்திரையைக் கேலிப் பேச்சாக எடுத்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. எங்கள் பெரியப்பா காரைக்குடிப் பக்கத்திலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனவர். ஒரு தடவை இல்லை, 22 தடவை. செருப்பு கிடையாது. காலில் கொப்புளம் வந்தால் ஊசியில் நூலைக் கோத்து உள்ளே விட்டு, நூலை அப்படியே விட்டுவிடுவார், ராத்திரியெல்லாம் நீர் வடிந்துவிடும். (எந்த டாக்டரிடமும் இதைச் சொல்லாதீர்கள்.) மலையடிவாரத்தில் அவரை நிறுத்தி "எத்தனை மணி நேரத்துல வந்தீங்க" என்று கேட்ட ஆளை நான் பார்த்ததில்லை. திட்டுவதென்றால் வேறு வார்த்தை தேடுங்கள் அண்ணா.

சரி, காலுக்கு வருகிறேன். பாதிப் பேருக்கு இது தெரியாது, கேட்கவும் இல்லை.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, ஈசிஆரில் 26 கிலோமீட்டர் லாங் ரன். 19 தாண்டும்போது இடது காலில், கணுக்காலுக்கு நாலு விரல்கடை மேலே, உள்பக்கமாக ஒரு வலி. ஷின் ஸ்ப்ளின்ட், ஓடுகிறவர்களுக்கு வருகிற முன்னங்கால் வலி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். ஐஸ் வைத்தேன், ரோலர் உருட்டினேன், பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடவும் செய்தேன். ஷின் ஸ்ப்ளின்ட் என்றால் எலும்பு நெடுகப் பரவலாக வலிக்கும். எனக்கோ ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரே ஒரு இடம். கட்டைவிரலால் அழுத்தினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார் டாக்டர். நான் குதிக்கவில்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, ஆரம்பத்தில் தெரியாதாம். எம்ஆர்ஐயில் தெரிந்தது. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், எலும்பில் மயிரிழை விரிசல். ஆறு வாரம் ஓட்டம் கிடையாது, முதல் மூன்று வாரம் முழங்கால் வரைக்கும் அந்தக் கறுப்பு பூட்ஸ்.

தப்பு என்னுடையதுதான், அதில் யாரையும் இழுக்கவில்லை. வாரத்துக்கு 30 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள் ஐந்தே வாரத்தில் 58க்குப் போனேன். மூச்சு சீக்கிரம் பழகிவிடுகிறது, எலும்பு அவ்வளவு சீக்கிரம் பழகுவதில்லை. மூச்சு சொன்னதை நம்பி எலும்பை ஓட்டினேன். அம்மா இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னாள்: "பணத்தையும் கட்டி, காலையும் ஒடிச்சுக்கிட்டு வந்திருக்கா பாரு."

அந்த ஆறு வாரத்தில் நான் செய்த ஒரே ஓட்டம் நீச்சல் குளத்தில். இடுப்பில் மிதவை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஆழமான பக்கத்தில், தரையில் கால் படாமல், ஓடுவதுபோலவே கைகாலை ஆட்டுவது. முக்கால் மணி நேரம் ஆட்டினால் பதினைந்தடி நகரலாம். பக்கத்தில் நீச்சல் வகுப்புக்கு வந்த ஒரு வாண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நீங்க ஏன் அங்கயே இருக்கீங்க?" என்று கேட்டது. நியாயமான கேள்வி. அந்த வாண்டு சிரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் பாதியில் மறுபடி ஆரம்பித்தேன். ஒரு நிமிடம் ஓட்டம், நாலு நிமிடம் நடை, ஆறு தடவை. மொத்தம் ஆறு நிமிட ஓட்டம், அரை மணி நேரத்தில். ஓட்டக் கணக்கைப் போடுகிற ஸ்ட்ராவா ஆப்பில் போடவில்லை, வெட்கமாக இருந்தது. டிசம்பரில் இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று வந்தது. 30, 32, 34 கிலோமீட்டர் என்று போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன அதிகபட்சம் 24. அவ்வளவுதான் என் தயாரிப்பு. இதை மறைக்கவில்லையே, மெடல் போட்டோவிலேயே எழுதியிருந்தேனே. படித்தால்தானே.

இப்போது கமெண்டில் என்னென்ன வரும் என்று தெரியும்.

"இடையில் நடந்தால் அது ஓட்டமா?" ஜெஃப் காலோவே என்று ஒரு அமெரிக்கர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். ஓடி, நடந்து, ஓடி என்பதை ஒரு முறையாகவே வகுத்து ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஒலிம்பிக் ஓட்டக்காரருக்கே நடப்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை. பெசன்ட் நகரில் ஓடுகிற நமக்கு வந்துவிட்டது.

"மெதுவாக வருகிறவர்களால் வாலண்டியருக்கும் போலீசுக்கும் கஷ்டம்." இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 38ஆவது கிலோமீட்டரில் ஒரு கான்ஸ்டபிள் தடுப்பை எடுத்துக்கொண்டே, "ஓரமா போம்மா, வண்டி விடணும்" என்றார். ஓரமாகப் போனேன். கட்-ஆஃப் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதற்குள்தான் இருந்தேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

"ஹாஃபுக்கு, 21 கிலோமீட்டருக்கு, மாறியிருக்கலாமே." மாற்றுவதற்கான தேதி முடிந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மை. தேதி முடியாமல் இருந்திருந்தாலும் மாறியிருக்க மாட்டேன் என்பதும் உண்மை. ஜூலையில் காலை ஐந்து மணிக்கே பனியனைப் பிழிந்தால் சொட்டுகிற வெக்கையில், வீட்டில் அரிசி களைந்து வைத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போய் ஓடியதெல்லாம் 21க்காக இல்லை. பிடிவாதம்தான். பிடிவாதம் இல்லாதவர்கள் காலை நாலு மணிக்குத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

"ஆபத்து இல்லையா?" டாக்டரிடம் கேட்டேன். அந்த இடத்தில் வலி வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும் என்றார். வரவில்லை. மேலே போகலாம்.

நிறுத்துவதும் வீரம்தான் என்று ஒருவர் அந்தக் கமெண்ட் திரியில் எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபெபே பிகிலாவை இழுத்துக்கொண்டு வந்தார். ஒத்துக்கொள்கிறேன். 1960இல் ரோமில் வெறுங்காலோடு ஓடித் தங்கம், 1964இல் டோக்கியோவில் மறுபடி தங்கம். 1968 மெக்சிகோவில் கால் எலும்புக் காயத்தோடு புறப்பட்டு, பாதித் தூரம்கூட வராமல் நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதால் ஒரு மாற்றும் குறையவில்லை. ஆனால் அதே மெக்சிகோ, அதே ஓட்டத்தில்தானே ஜான் ஸ்டீபன் அக்வாரியும் ஓடினார்? தான்சானியாக்காரர். வழியில் விழுந்து, முழங்கால் மூட்டு பிசகி, கட்டுப் போட்டுக்கொண்டு, ஓடியும் நொண்டியும் நடந்தும், ஜெயித்தவர் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துக் கடைசி ஆளாக வந்தார். முடித்த 57 பேரில் 57ஆவது.

அந்த அக்வாரி வீடியோவை வருஷா வருஷம் ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி நம் குழுவில் ஃபார்வர்டு செய்வது யார்? அண்ணாதான். இந்த வருஷமும் செய்தார். நானும் நெஞ்சில் கை வைத்த எமோஜி போட்டேன். மெக்சிகோவில் ஒருவர் கடைசியாக வந்தால் கண் கலங்குகிறது. கூடவே ஓடுகிற ஒருத்தி ஈசிஆரில் கடைசிப் பக்கமாக வந்தால் பாதயாத்திரை.

இன்னொன்று. அக்வாரி கடைசியாக வந்த நேரம் 3 மணி 25 நிமிடம் 27 விநாடி. அதுவும் மூட்டு பிசகி, கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற ஊரில். அண்ணாவின் பெஸ்ட், அவரே டிபியில் போட்டிருக்கிறார், 3:52. மெக்சிகோவில் அண்ணா ஓடியிருந்தால் மைதானத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். 3:52 நல்ல நேரம், உழைத்து வாங்கினது, கூடவே இருந்து பார்த்தவள். யார் எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் சிரிக்கலாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

யார் ஓட்டக்காரர், யார் இல்லை என்று வாசலில் நின்று பார்க்கிற ஆட்கள் என்றைக்கும் இருந்திருக்கிறார்கள். 1967இல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் என்ற பெண் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அவர் சட்டையிலிருந்த 261ஆம் எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் மாரத்தான் வைக்க 1984 ஆகிவிட்டது. உடனே "இதில் எதற்குப் பெண்ணியம்" என்று கிளம்புவீர்கள். கிளம்புங்கள். போன வருஷம் ஆறு மணி நேரம் தாண்டி வந்த சாருக்கு "வாட் எ ஸ்பிரிட் சார்" என்று எழுதியதும் இதே குழுதான். அவர் பிராஞ்ச் மேனேஜர். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாதயாத்திரை என்று சொன்னதுகூடப் போகட்டும். 2022இல் அண்ணாவின் முதல் ஹாஃபில், 14ஆவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு என் கால் நன்றாக இருந்தது, என் பெஸ்ட் வந்திருக்க வேண்டிய நாள். நின்றேன். காலை நீவிவிட்டு, எலக்ட்ரால் கரைத்துக் கொடுத்து, மீதி ஏழு கிலோமீட்டரும் கூடவே நடந்து வந்தேன். நடந்து, அண்ணா. அன்றைக்கு அதற்குப் பேர் என்னவாக இருந்தது?

பூட்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த வாரங்களில் குழுவில் தினம் நூறு மெசேஜ் வரும். ஓடுகிற வேகம், ஷூ தள்ளுபடி, யார் எங்கே டிபன். "கால் எப்படி இருக்கு" என்று ஒன்று வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் தோளோடு தோள் ஓடுகிறவள், பேர் வேண்டாம், அந்த 17இல் ஒருத்தி. அவள் கைதவறித் தொட்டிருப்பாள் என்று ராத்திரியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் எடுத்துவிடுவாள் என்று பார்த்தேன். இன்னும் இருக்கிறது.

கேட்டவர் ஒரே ஒருவர். தபால் துறையில் ரிட்டையர் ஆனவர், குழுவில் வாயே திறக்காதவர், எப்போதும் எல்லோருக்கும் பின்னால் ஓடுகிறவர். வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ், இருபது விநாடி. "பாப்பா, எலும்பு கூடிடும். கேழ்வரகு சாப்பிடு."

மாரத்தான் அன்றைக்கு 36ஆவது கிலோமீட்டரில் மணி ஒன்பதே கால். பனியெல்லாம் எப்போதோ போய்விட்டது, தார் ரோட்டிலிருந்து அனல் கிளம்புகிறது. தண்ணீர் மேஜையில் தண்ணீர் இல்லை, நசுங்கிய பேப்பர் கப்புகளும் வாழைப்பழத் தோலும்தான். இரண்டு நிமிட ஓட்டம் ஒரு நிமிடமாகி, ஒரு நிமிடம் அடுத்த லைட் கம்பம் வரைக்கும் என்று ஆகியிருந்தது. எதிரே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் எவர்சில்வர் தூக்கு. உள்ளே ஐஸ்கட்டி, பாதி உருகியிருந்தது. ஒரு கை அள்ளித் தொப்பிக்குள் போட்டு என் தலையில் கவிழ்த்தார். இன்னொரு பிடி பிடரியில். "போ, போ, நிக்காத" என்று தூக்கையும் என் கையிலேயே திணித்துவிட்டார். மீதி ஆறு கிலோமீட்டரை ஒரு கையில் தூக்கோடுதான் முடித்தேன். ஃபினிஷ் லைன் போட்டோவில் தெரிவது அதுதான், "பால் வாங்கப் போனீங்களா" என்று கேட்டவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மெடல் மாட்டிய காலேஜ் பெண் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து, கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு மாட்டினாள். ரிப்பனில் கொஞ்சம் நெய் வாசனை இன்னும் இருக்கிறது.

குழுவிலிருந்து நேற்று வெளியே வந்துவிட்டேன். கோபித்துக்கொண்டு இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், சொல்லவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு எலியட்ஸ் பீச்சில் ஐந்து கிலோமீட்டர், இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. அவரும் வருகிறார். தூக்கைக் கழுவி வைத்துவிட்டேன். மூடி மட்டும் ஈசிஆரில் எங்கேயோ விழுந்துவிட்டது, அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.